செயற்கைக்கோள் நீரோட்டத்தைப் பார்ப்பதில்லை

நாசாவின் காணொளி ஒன்று பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீலக் கடலில் வெள்ளை இழைகள் சுழன்று சுழன்று ஓடுகின்றன. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் முறுக்கிக்கொண்டு வடக்கே ஏறுகின்றன. ஆப்பிரிக்காவின் தென்முனையில் வட்டம் வட்டமாகப் பிய்ந்து அட்லாண்டிக்குக்குள் நுழைகின்றன. வான்கோ வரைந்த வானம்போல இருக்கிறது என்று வியக்காதவர்கள் குறைவு. ‘விண்ணிலிருந்து பார்த்த கடல் நீரோட்டம்’ என்ற குறிப்போடுதான் பெரும்பாலும் அது கைமாறுகிறது.

ஆனால் அது விண்ணிலிருந்து எடுத்த படமே அல்ல. ‘பெர்பெச்சுவல் ஓஷன்’ என்ற அந்தக் காணொளி, 2005 ஜூன் முதல் 2007 டிசம்பர் வரையிலான கடலை ஒரு கணினி மாதிரி எப்படிக் கணக்கிட்டதோ அதன் சித்திரம். ‘எக்கோ-2’ என்பது அந்த மாதிரியின் பெயர். செயற்கைக்கோள் தரவுகளும் மிதவைத் தரவுகளும் அதற்குள் ஊட்டப்பட்டிருப்பது உண்மை. ஆனால் திரையில் ஓடும் இழைகளில் ஒன்றைக்கூட எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. இதை நாசா மறைக்கவும் இல்லை, காணொளியோடு சேர்த்தே சொல்லியிருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் பகிர்பவர்களோடு நின்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ‘நீரோட்டத்தைத்தான் செயற்கைக்கோளே காட்டிவிடுகிறதே, கடலுக்குள் மிதவை எதற்கு, கரையில் ரேடார் எதற்கு, ஆய்வுக் கப்பலுக்கு டீசல் எதற்கு?’ என்ற கேள்வி இன்று படித்தவர்களிடமும் வருகிறது. எண்ணெய் கசிந்தாலும் படகு காணாமல் போனாலும் தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது ஒருவர் வண்ண வரைபடத்தைக் காட்டி, இதோ இந்தப் பக்கம்தான் போகும் என்று அடித்துச் சொல்கிறார். நீரோட்டம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, பார்க்கும் கண் வானத்தில் இருக்கிறது, ஆகவே வேலை முடிந்தது என்பது இந்த எண்ணத்தின் சாரம். இதில் ஒவ்வொரு படியும் தவறு.

படங்களிலிருந்தே தொடங்கலாம். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு ஓட்டத்தைக் கணிக்கும் முறை முதலில் மேகங்களுக்காக வந்தது. 1971-லேயே வானிலையாளர்கள் மேகத் துணுக்குகளைத் தொடர்ந்து காற்றின் வேகத்தைக் கணினியால் கணக்கிட்டார்கள். அதைக் கடலுக்குக் கொண்டுவந்தவர்கள் வில்லியம் எமெரியும் அவருடைய கூட்டாளிகளும். 1986-இல் கனடாவின் மேற்குக் கரையை எடுத்துக்கொண்டு, சில மணி நேர இடைவெளியில் எடுத்த அகச்சிவப்பு வெப்பப் படங்களில் ஒரு சிறு கட்டத்தின் வெப்பக் கோலம் அடுத்த படத்தில் எங்கே அதிகமாகப் பொருந்துகிறது என்று தேடினார்கள். கோலம் நகர்ந்த தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். மனிதக் கண்ணின் ஊகத்தை நம்பாமல் எண்ணால் செய்த அருமையான வேலை அது. இன்றுவரை இந்தத் துறையில் வரும் பெரும்பாலான முறைகள் அதன் வாரிசுகள்தான்.

ஆனால் அந்தக் கணக்கு தண்ணீரின் நகர்வைத் தருவதில்லை. கோலத்தின் நகர்வைத் தருகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், இடையில் வெயில் நீரைச் சூடாக்கியிருக்கக் கூடாது, காற்று குளிர்வித்திருக்கக் கூடாது, அடிநீர் மேலே வந்து கலந்திருக்கக் கூடாது. கடலில் இவை நடக்காத நாள் எது? போதாக்குறைக்கு, அகச்சிவப்புக் கருவி உணர்வது கடலின் மேல்தோலில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கனத்தை மட்டும். காற்றில்லாத நண்பகலில் அந்தத் தோலும் அதன் கீழுள்ள சில மீட்டரும் வெயிலில் காய்ந்து, கீழே ஓடும் நீருக்குச் சம்பந்தமில்லாத வெப்பத்தைக் காட்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கோடு போட்ட லுங்கியைச் சிறு துளை வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதை ஒருவர் கோட்டின் திசையிலேயே இழுத்தால் துணி நகர்வது தெரியாது. குறுக்கே இழுத்தால்தான் தெரியும். வெப்பப் படத்தில் கடலும் அப்படித்தான். சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் வழியே நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கோடு நகராது. கடலின் வலிமையான ஓட்டங்களோ பெரும்பாலும் அந்த எல்லைக்கோடுகளை ஒட்டியே ஓடுபவை. வளைகுடா நீரோட்டம் அப்படிப்பட்டது. ஜப்பானின் குரோஷியோவும் அப்படியே. எது முக்கியமோ அதையே இந்த முறை தவறவிடும்.

‘அந்தக் காலத்தில் நாளுக்கு இரண்டு படம்தான், இப்போது புவிநிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் தருகிறதே’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்சாட்-3டி வகைச் செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர். வினாடிக்கு அரை மீட்டர் ஓடும் நீர், அதாவது வங்கக் கடலில் நல்ல ஓட்டம் என்று சொல்லத்தக்க நீர், அரை மணியில் 900 மீட்டர்தான் நகரும். ஒரு புள்ளியில் கால்வாசிகூட இல்லை. வேகமாகப் படம் எடுப்பதால் ஆதாயம் ஏதுமில்லை. சரி, ஒரு நாள் காத்திருந்து ஒப்பிடலாம் என்றால் நீர் 43 கிலோமீட்டர் போயிருக்கும். அதற்குள் கோலம் முறுக்கி, நீண்டு, கலைந்து, அடையாளம் தெரியாமல் ஆகியிருக்கும்.

இந்த முறை வெல்லும் இடங்களும் உண்டு. தென்கொரியா 2010-இல் ஏவிய ‘கோசி’ கருவி புவிநிலைப் பாதையிலிருந்து கடலின் நிறத்தை அளந்தது. புள்ளி 500 மீட்டர். பகலில் மணிக்கு ஒன்றாக எட்டுப் படங்கள். கொரியாவுக்கு மேற்கே உள்ள கடல் ஆழமற்றது, சேறு கலங்கியது, ஏற்றவற்றத்தில் நீர் விசையாக ஓடுவது. சேற்றின் கோலத்தைத் தொடர்ந்து மணிக்கு மணி ஓட்டத்தை அங்கே கணித்தார்கள், நன்றாகவே வந்தது. கருவியும் கடலும் ஒன்றுக்கொன்று பொருந்திய இடம் அது. அதே வேலையை இந்தியாவின் ஓஷன்சாட் படங்களைக் கொண்டும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஓஷன்சாட் அதே இடத்துக்குத் திரும்பிவர இரண்டு நாள் ஆகும். கொரிய வெற்றியைக் காட்டி எல்லாக் கடலுக்கும் உத்தரவாதம் கொடுப்பது விற்பனைப் பேச்சு.

மேகத்தைப் பற்றி ஒரு வரி போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வட இந்தியப் பெருங்கடலில் நீரோட்டங்கள் உச்சத்தில் இருக்கும்; சோமாலியக் கரையில் வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டும். அதே நான்கு மாதம்தான் தென்மேற்குப் பருவமழை மேகம் அகச்சிவப்புக் கண்ணையும் நிறம் பார்க்கும் கண்ணையும் மூடிவைக்கும் காலம்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள்: படத்தை யார் நம்பச் சொன்னார்கள், ஆல்டிமீட்டர் இருக்கிறதே? நியாயமான குறுக்கீடு. எதிர்வாதத்தின் வலிமையான பகுதியும் அதுவே. 1992 ஆகஸ்டில் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்தது. அதன் வழியில் ஜேசன் வரிசையும், இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013-இல் அனுப்பிய சரலும், 2020-இல் போன சென்டினல்-6-உம் வந்தன. மேகம் இவற்றைத் தடுக்காது. கடல் மட்டம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்தால், பூமியின் சுழற்சியைக் கணக்கில் சேர்த்து, மேட்டைச் சுற்றி நீர் எப்படி ஓடும் என்று சொல்லிவிடலாம். கடலெங்கும் நூறு கிலோமீட்டர் அகலச் சுழல்கள் நிறைந்திருப்பதை உலகம் முழுமைக்கும் சேர்த்துக் காட்டியது இந்த முறைதான். வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி வாக்கில் வடக்கே ஓடி, அக்டோபருக்குப் பின் தெற்கே திரும்புவதை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்க்க முடிவதும் இதனால்தான். அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வது அற்பத்தனம்.

ஆனால் இதுவும் நீரோட்டத்தை அளப்பதில்லை. உயரத்தை அளக்கிறது, ஓட்டம் என்பது அதிலிருந்து பெறும் முடிவு. அந்த முடிவின் தரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதை வரைபடம் சொல்வதில்லை. சுழற்சியின் விளைவு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைந்து அங்கே பூஜ்யமாகிறது. நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்தைத் தவறாக அளந்துவிட்டால் பிரான்சின் அட்சரேகையில் வேகக் கணக்கில் வரும் பிழை வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். கன்னியாகுமரியின் அட்சரேகையில் அதே பிழை ஐந்து சென்டிமீட்டர். கருவி ஒன்றுதான், தவறும் ஒன்றுதான். தெற்கே வந்தால் ஐந்து மடங்கு. இன்னும் தெற்கே போனால் அந்தச் சூத்திரமே செல்லாது. வேறு அனுமானங்களைக் கொண்டு இட்டு நிரப்புகிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆல்டிமீட்டர் வரைபடம் கால் டிகிரிக் கட்டங்களில் வருகிறது. ஏறத்தாழ 28 கிலோமீட்டருக்கு ஓர் அம்புக்குறி. அம்பு இருக்கிறது, ஆகவே அங்கே அளந்திருக்கிறார்கள் என்று கண் நம்பிவிடும். செயற்கைக்கோள் கடந்துபோன கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் புள்ளியியலால் நிரப்பியே அந்த அம்புகள் போடப்படுகின்றன. டோபெக்ஸ் தனியாக இருந்தபோது பத்து நாளுக்கு ஒருமுறைதான் ஒரே கோட்டில் பறந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நிலநடுக்கோட்டில் 315 கிலோமீட்டர் இடைவெளி. பல செயற்கைக்கோள்களைச் சேர்த்துப் பார்க்கும் இன்றைய வரைபடங்களிலும், உண்மையில் பிரித்தறிய முடியும் அலைநீளம் துருவங்களை நெருங்கிய கடலில் 100 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டுப் பட்டையில் 800 கிலோமீட்டர் என்று 2019-இல் அந்தத் துறையினரே கணக்கிட்டு வெளியிட்டார்கள். அம்புகள் மட்டும் 28 கிலோமீட்டருக்கு ஒன்றாகவே நிற்கின்றன.

இந்த வலைக்கண்ணுக்குள் நழுவிப்போவது என்ன? 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து எண்ணெய் கொட்டியபோது, வளைய நீரோட்டம் அதை ஃபுளோரிடாவைச் சுற்றி அட்லாண்டிக் கரை முழுக்க இழுத்துப்போகக்கூடும் என்ற கணினி அசைபடம் ஜூன் மாதத்தில் தொலைக்காட்சிகளில் ஓடியது. நீரோட்டத்திலிருந்து ஒரு சுழல் பிய்ந்து தனியே நின்றது. எண்ணெய் வளைகுடாவுக்குள்ளேயே தங்கியது. அந்த விபத்துக்குப் பிறகு, வரைபடங்களை நம்பியது போதும் என்று ஆய்வாளர்கள் மிதவைகளை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். 2012-இல் சுமார் முந்நூறு, 2016-இல் சுமார் ஆயிரம். இரண்டாம் முறை நடந்ததை எந்த வரைபடமும் முன்னறிவிக்கவில்லை: 20 கிலோமீட்டர் நீள அகலத்தில் பரவிக் கிடந்த சுமார் இருநூறு மிதவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே வாரத்தில் 60 மீட்டர் நீள அகலத்துக்குள் வந்து குவிந்தன. மேல்நீர் ஒன்றுகூடிக் கீழே இறங்கும் ஒரு குறுகிய கோடு அவற்றை வாரிச் சேர்த்துவிட்டது. மிதக்கும் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் இப்படித்தான் சேரும். 60 மீட்டர் என்பது ஆல்டிமீட்டர் வரைபடத்தின் ஒரு கட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான முறை அடங்கும் அகலம்.

எம்.எச்.370 இன்னும் கடுமையான பாடம். 2014 மார்ச் 8 அன்று மலேசிய விமானம் மறைந்தது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் மிதக்கும் பொருள்கள் என்று செயற்கைக்கோள் படங்கள் அடுத்தடுத்து வெளியாயின. விமானங்கள் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டும் சிக்கவில்லை. முதல் துண்டு, இறக்கையின் ‘ஃப்ளாப்பரான்’ பகுதி, 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் கரையில் தானாகவே வந்து கிடந்தது. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. முயன்றது. டேவிட் கிரிஃபின் தலைமையிலான குழுவிடம் ஆல்டிமீட்டரிலிருந்து பெற்ற நல்ல நீரோட்டத் தரவு இருந்தது. அது போதவில்லை. ஃப்ளாப்பரான் நீரோட்டத்தோடு மட்டும் போவதில்லை; காற்றும் அலையும் அதைத் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்று அறிய முதலில் மாதிரிகளைச் செய்து கடலில் விட்டார்கள். பிறகு உண்மையான போயிங் 777 ஃப்ளாப்பரான் ஒன்றை வாங்கி, ரீயூனியனில் கிடைத்ததைப் போலவே வெட்டி, டாஸ்மானியாவின் ஹோபார்ட் அருகே தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அது மாதிரிகளைவிட வேகமாகவும், காற்றின் திசைக்குச் சுமார் 20 டிகிரி இடப்பக்கம் சாய்ந்தும் போனது. விண்வெளித் தொழில்நுட்பத்தின் உச்சக் காலத்தில், விடையை நெருங்க ஒரு பொருளைக் கடலில் போட்டுப் பின்னாலேயே போக வேண்டியிருந்தது.

அந்த ஆய்வு, தெற்கே 35 டிகிரி அட்சரேகைக்கு அருகே ஓர் இடத்தைப் பெரும் நம்பிக்கையோடு சுட்டியது. 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் அந்தப் பகுதியையும் சேர்த்து ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் தேடியது. விமானம் கிடைக்கவில்லை. ஆய்வாளர்களின் திறமையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எந்தெந்தப் பகுதியில் விமானம் இருக்க வாய்ப்புக் குறைவு என்று கழித்துக்கட்ட அந்தக் கணக்கு உதவியது. ஆனால் ஒரு புள்ளியைக் குறித்துக் கொடுக்கும் அளவுக்கு நீரோட்டம் தெரியும் என்ற நம்பிக்கைக்கு அங்கே விடை கிடைத்தது.

இனி எதிர்காலத்தைக் காட்டி வாதிடுவோர். 2022 டிசம்பரில் ஏவிய ‘ஸ்வாட்’ கோடாக அல்லாமல் 120 கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கடல் உயரத்தை அளக்கிறது. அதன் படங்கள் பிரமிக்க வைப்பவை. சிறு சுழல்கள்கூடத் தெரிகின்றன. ஆனால் அதன் சுற்று 21 நாள். சிறு சுழல் பிறந்து சாக அவ்வளவு நாள் வேண்டியதில்லை. அந்த அளவில் உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான எளிய சமநிலையும் தளர்ந்துவிடுகிறது. அந்தமான் கடலில் நீருக்குள் ஓடும் பேரலைகள் மேற்பரப்பை லேசாக உயர்த்தினால், அதையும் நீரோட்டம் என்று பழைய சூத்திரம் படித்துவிடும். செயற்கை நுண்ணறிவு வந்து மீதியைத் தீர்த்துவிடும் என்ற பேச்சும் இருக்கிறது. வெப்பப் படத்தைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்ல நரம்பு வலையமைப்புகளைப் பழக்குகிறார்கள். எதை வைத்து? பெரும்பாலும் கணினி மாதிரி உருவாக்கிய கடலை வைத்து. உலகக் கடலின் உண்மையான ஓட்டம் முழுசாக அளந்து யாரிடமும் இல்லை என்பதே காரணம். விடைத்தாளையும் மாதிரியே எழுதித்தரும் தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

வாதத்தை முடித்துவைக்கும் சான்று ஐரோப்பிய விண்வெளி முகமையிடம் இருக்கிறது. அலைகளிலிருந்து திரும்பும் ரேடார் எதிரொலியின் டாப்ளர் மாற்றத்தைக் கொண்டு மேற்பரப்பு நீரின் வேகத்தையே அளக்க ‘ஸ்கிம்’ என்ற திட்டத்தை ஐரோப்பிய விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். 2019-இல் இறுதிச் சுற்றில் அது ‘ஃபோரம்’ என்ற மற்றொரு திட்டத்திடம் தோற்றது. செயற்கைக்கோள்கள் ஏற்கெனவே நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதை அளக்க ஒரு செயற்கைக்கோள் வேண்டும் என்று அந்தத் துறையின் தேர்ந்த விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் போராடியது எதற்காக?

நீருக்குள் இருக்கும் கருவிகள் மட்டும் பொய் சொல்லாதவை என்றில்லை. உலக மிதவைத் திட்டத்தில் சுமார் 1,250 மிதவைகள் கடலில் அலைகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் 15 மீட்டர் ஆழத்தில் துணிக் குழாய் ஒன்று தொங்கி, மேல்காற்று தள்ளாமல் நீரோடு போக வைக்கும். பல மிதவைகள் அந்தக் குழாயை இழந்த பிறகும் இழக்காதவையாகவே கணக்கில் வைக்கப்பட்டிருந்தன. அதனால் நீரோட்டங்கள் ஆண்டுக்காண்டு வலுப்பதுபோல ஒரு போலித் தோற்றம் எழுந்தது. 2011-இல் அதைக் கண்டுபிடித்தார்கள், பிறகு திருத்தினார்கள். மிதவையையும் காற்றுத் தரவையும் ஆல்டிமீட்டரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்ததால்தான் பிழை பிடிபட்டது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால் பிழையைக் கேட்க ஆள் இருக்காது.

தமிழகக் கரைக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. கரையிலிருந்து முதல் பத்து, இருபது கிலோமீட்டரில் ஆல்டிமீட்டரின் எதிரொலியில் நிலம் கலந்துவிடும். பாக் நீரிணையோ ஆழமற்றது, இருபுறமும் நிலம் சூழ்ந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் நீவாடு (நீரோட்டம்) பார்த்து வலை விடும் கடல் அதுதான். எல்லையைத் தாண்டிப் போனார்களா, எந்திரம் பழுதாகி நீரோட்டம் இழுத்துப் போனதா என்ற வழக்கு வரும்போதெல்லாம் வானத்திலிருந்து சாட்சி சொல்ல எதுவும் இல்லாத கடலும் அதுதான். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா-3 மூழ்கியபோது சிதறிய பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கியது. கடலின் மேல் சில சென்டிமீட்டரில் காற்றும் அலையும் தள்ளிக்கொண்டு வரும் குருணையின் பாதை, கடல் மட்ட மேடுபள்ளத்தில் எழுதியிருப்பதில்லை.

கடலூரிலும் கல்பாக்கத்திலும் கரையோர ரேடார்கள் நிறுவப்பட்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்து பார்த்தால், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம்வரை மேற்பரப்பு நீரின் வேகத்தையும் திசையையும் மணிக்கு மணி தர முடியும். மேகம் பற்றிக் கவலை இல்லை. கடலில் காணாமல் போனவர்களைத் தேட ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் 2016-இல் ‘சரத்’ என்ற சேவையைத் தொடங்கியது. அதுபோன்ற சேவை எவ்வளவு சரியாகச் சொல்லும் என்பது அதற்கு ஊட்டப்படும் நீரோட்டத்தைப் பொறுத்தது. ராமநாதபுரம் முதல் குமரி வரையிலான கரைக்கும் அத்தகைய ரேடார் இணைகள் வேண்டும். பருவத்துக்குச் சில டஜன் மலிவு மிதவைகளை மீனவர் சங்கங்கள் மூலம் கடலில் விட வேண்டும். நீரோட்ட வரைபடம் வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும் அம்பின் பக்கத்தில் அதன் பிழை அளவையும், அந்த இடத்தை உண்மையில் கடைசியாக அளந்த தேதியையும் அச்சிட வேண்டும். அடுத்த கப்பல் மூழ்குவதற்கு முன் இவை நடக்கட்டும்.